குறுந்தகட்டு இயக்கியில் உடைந்த பற்சக்கரத்தைச் சீரமைத்தல்

பழைய குறுந்தகட்டு இயக்கிகள் பாடாமல் போவதற்கு மின்னணுச் சுற்றுகளைவிட, அவற்றினுள் இருக்கும் சிறிய நெகிழிப் பாகங்களே பெரும்பாலும் காரணமாகின்றன. இவற்றுள் முதன்மையானது மோட்டார் தண்டின் நுனியில் செருகப்பட்டிருக்கும், மிளகைவிடச் சற்றே பெரிய பற்சக்கரம் ஆகும். இது பினியன் எனப்படுகிறது. கடைகளில் 'மோட்டார் கியர்' என்றால் போதும். இது நெடுக்கில் பிளந்துவிட்டால் தட்டு திறக்காது, அல்லது பாடல் இடையிடையே தாவும், அல்லது 'தகடு இல்லை' என்று திரை காட்டும். இந்த அறிகுறிகள் எல்லாமே லேசர் தேய்ந்துவிட்டால் தோன்றும் அறிகுறிகளை ஒத்திருப்பதால், 'லென்ஸ் போய்விட்டது' என்ற முடிவோடு நல்ல லேசர் தொகுதியும், சில வேளை முழு இயக்கியுமே கழித்துக் கட்டப்படுகின்றன. உண்மையில் பழுதான பாகம் மிகக் குறைந்த விலையுள்ளது. அதை மாற்றத் திருப்புளி, வெர்னியர் அளவி, பொறுமை ஆகிய மூன்றும் போதும்.

பின்னணி

குறுந்தகடு (இலங்கைத் தமிழில் இறுவட்டு) 120 மி.மீ. விட்டமும் 1.2 மி.மீ. தடிப்பும் கொண்டது. சோனி நிறுவனத்தின் சிடிபி-101 என்ற இயக்கி 1982 அக்டோபர் 1 அன்று யப்பானில் விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸ் நிறுவனத்தின் சிடி100 அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் வெளியானது. சிடி100இல் மேல்மூடியைத் திறந்து தகட்டை வைக்க வேண்டும். சிடிபி-101இல் முன்பக்கத்திலிருந்து தட்டு நீண்டு வரும். பின்னாளில் தட்டு முறையே வீட்டு இயக்கிகளில் பரவலானது. அதனோடு தட்டை நகர்த்தும் மோட்டார், ரப்பர் வார், பற்சக்கரங்கள் என உடையக்கூடிய பாகங்களின் எண்ணிக்கையும் கூடியது.

பிலிப்ஸ் தன் தொடக்ககால இயக்கிகளில் லேசரை ஊசலாடும் கை ஒன்றில் பொருத்தியிருந்தது. அந்தக் கை காந்தச் சுருளால் நகர்வதால் அங்கே லேசரை நகர்த்தப் பற்சக்கரம் தேவைப்படவில்லை. சோனியின் கேஎஸ்எஸ்-213 போன்ற தொகுதிகளில் லேசர் ஓர் இரும்புத் தண்டின் மீது நேர்கோட்டில் சறுக்குகிறது. இந்தத் தொகுதியைப் பல நிறுவனங்கள் தங்கள் பெட்டிகளில் பயன்படுத்தியதால், வெளியே வெவ்வேறு பெயர் பொறித்த இயக்கிகளுக்குள்ளும் ஒரே மாதிரியான பொறியமைப்பைக் காணலாம். இக்கட்டுரை இந்தச் சறுக்கு வகையைப் பற்றியது.

இயங்கும் விதம்

ஓர் இயக்கியில் பொதுவாக மூன்று மோட்டார்கள் உள்ளன. ஒன்று தட்டை வெளியே தள்ளி உள்ளே இழுக்கிறது. இன்னொன்று தகட்டைச் சுழற்றுகிறது. மூன்றாவது மோட்டார், லேசர் தொகுதியைத் தகட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்த்துகிறது. பாடல் பதிவு தகட்டின் மையத்திலிருந்து 25 மி.மீ. தொலைவில் தொடங்கி 58 மி.மீ. வரை செல்கிறது. ஆகவே 74 நிமிடப் பதிவு முழுவதிலும் லேசர் கடக்கும் தொலைவு வெறும் 33 மி.மீ. மட்டுமே. இந்தச் சிறு இடைவெளிக்குள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் உள்ளன.

இவ்வளவு மெல்லிய நகர்வை மோட்டார் தனியே செய்வதில்லை. லென்சு நுண்ணிய கம்பிகளிலோ கீல்களிலோ தொங்குவதால் பக்கவாட்டில் சிறிது அசையக்கூடியது. முதலில் லென்சு மட்டும் சாய்ந்து தடத்தைப் பின்தொடர்கிறது. அந்தச் சாய்வு ஒரு வரம்பை எட்டியதும் சறுக்கு மோட்டாருக்கு மின்னழுத்தம் கூடி, பினியன் சில பாகை திரும்பி, முழுத் தொகுதியும் சற்று நகர்கிறது. பிறகு லென்சு மீண்டும் நடுநிலைக்கு வருகிறது. மோட்டாரின் பினியன் ஒரு பெரிய இடைச் சக்கரத்தையும், இடைச் சக்கரம் லேசர் தொகுதியில் உள்ள பல்வரிசையையும் தள்ளுகின்றன.

பினியன் பிளந்திருந்தால் பிளவு உள்ள இடத்தில் இரு பற்களுக்கு இடையிலான தொலைவு கூடிவிடும். அந்த இடம் இடைச் சக்கரத்தைச் சந்திக்கும்போது பல்லின் முனை பள்ளத்தில் இறங்காமல் முட்டிக்கொள்ளும். மோட்டார் நின்றுவிடும். லென்சு மேலும் மேலும் சாயும். மின்னழுத்தம் போதிய அளவு உயர்ந்ததும் பல் 'டக்' என்று தாவி இறங்கும். அந்தத் திடீர் அசைவில் லேசர் தடத்தைத் தவறவிடும். காதுக்குக் கேட்பது ஒரு தாவல் மட்டுமே.

பிளவு ஏற்படக் காரணம்

இப்பற்சக்கரங்கள் பாலியசிட்டால், நைலான் போன்ற நெகிழிகளால் ஆனவை. இவற்றின் துளை, தண்டின் விட்டத்தைவிட ஒரு மயிரிழை சிறியதாக வார்க்கப்பட்டு, தண்டின் மீது அழுத்திச் செருகப்படுகிறது. 2 மி.மீ. தண்டுக்கு 1.95 மி.மீ. துளை என்பது வழக்கமான அளவு. பசை ஏதுமின்றிச் சக்கரம் தண்டைப் பற்றி நிற்பதற்குக் காரணம் இந்த இறுக்கமே. அதே இறுக்கம்தான் பின்னாளில் அதைப் பிளக்கவும் செய்கிறது. தண்டு உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால், இயக்கி அலமாரியில் சும்மா கிடந்தாலும் சக்கரம் ஓய்வின்றி இழுவிசையில் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல நெகிழி கடினமாகிச் சுருங்கும்போது, மிக மெல்லிய இடமான இரு பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் விரிசல் விடுகிறது. பெட்டியைப் பிரிக்காமல் பாதுகாத்து வைத்தவரின் இயக்கியிலும் இந்தப் பழுது காணப்படுவது இதனால்தான்.

இறுகிய கிரீஸ் இரண்டாவது காரணம். தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் பல ஆண்டுகளில் எண்ணெய்ப் பசை இழந்து மெழுகு போலாகிவிடும். சறுக்குத் தண்டில் இது நிகழ்ந்தால் மோட்டார் கூடுதல் விசையோடு தள்ள வேண்டியிருக்கும். அந்தச் சுமையைத் தாங்குவது பினியனின் பற்கள்தான். பழைய கிரீசைத் துடைக்காமல் புதுச் சக்கரத்தை மட்டும் மாற்றுவது பாதி வேலையே.

பழுதை உறுதிசெய்தல்

பினியன் பிளவினால் வரும் தாவலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. லேசர் தேய்வினால் வரும் தாவல் பெரும்பாலும் தகட்டுக்குத் தகடு மாறும். கீறல் விழுந்த தகட்டிலும் வீட்டில் எழுதிய தகட்டிலும் மிகும். பினியன் பிளவோ, எந்தத் தகட்டைப் போட்டாலும் ஏறத்தாழ ஒரே நிமிடத்தில் தாவச் செய்யும். எடுத்துக்காட்டாக, 10 பற்கள் கொண்ட பினியன் ஒரு முழுச் சுற்றுக்கு லேசரை 4.7 மி.மீ. நகர்த்துவதாகக் கொள்வோம். அப்படியானால் தகடு முழுவதற்கும் அது ஏழு முறை சுற்றும். ஏழு இடங்களில் பிளவு முட்டும். ஆனால் இந்த ஏழும் சம இடைவெளியில் வருவதில்லை. தகட்டின் உட்சுற்றுகள் குட்டையானவை, வெளிச்சுற்றுகள் நீளமானவை. தடம் லேசரைக் கடக்கும் வேகமோ எப்போதும் ஒன்றே. ஆகவே அதே 4.7 மி.மீ.க்குத் தகட்டின் தொடக்கத்தில் சுமார் 7 நிமிடமும், இறுதியில் சுமார் 14 நிமிடமும் ஆகும். தாவல் நிகழும் நிமிடங்களைத் தாளில் குறித்துப் பார்த்து, இடைவெளி சீராக நீண்டுகொண்டே போனால், பெட்டியைத் திறக்கும் முன்பே பழுதைப் பாதி கண்டுபிடித்தாயிற்று.

மீதிப் பாதிக்கு மின்னிணைப்பைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து, இடைச் சக்கரத்தை விரல் நுனியால் மெதுவாகச் சுற்ற வேண்டும். லேசர் தொகுதி உள்முனையிலிருந்து வெளிமுனை வரை வழுவழுப்பாக நகர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மேடு தட்டுவது போல உணர்ந்தால் பினியனை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கலாம். கைப்பேசியின் ஒளிப்படக் கருவியும் உதவும். விரிசல் பெரும்பாலும் ஒரு கருங்கோடாகத் தெரியும். சிலவற்றில் சக்கரம் தண்டின் மீது வழுக்கிச் சுற்றும். அப்போது மோட்டார் ஓடும் ஓசை கேட்கும், லேசர் நகராது.

இயக்கியில் மின்சாரம் பாய்ந்ததும் லேசர் தொகுதி முதலில் உள்முனைக்குச் சென்று ஒரு சிறு விசையைத் தொட வேண்டும். பிறகுதான் லென்சு மேலும் கீழும் அசைந்து தகட்டைத் தேடும். தொகுதி உள்முனையை அடையாவிட்டால், தகட்டின் உட்பகுதியில் உள்ள பாடல் பட்டியலைப் படிக்க வழியில்லை. லேசர் முழு நலத்தோடு இருந்தும் 'தகடு இல்லை' என்று திரை காட்டுவது இதனால்தான்.

ஒன்றைப் பழுது என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. பல தொகுதிகளில் பல்வரிசை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகளாக, நடுவே ஒரு மெல்லிய சுருள்வில்லுடன் இருக்கும். இரு பட்டைகளின் பற்களும் நேராக நில்லாமல் விலகியிருப்பது உடைவு அல்ல. பற்களுக்கிடையே தளர்வு வராமலிருக்க வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு அது. மீண்டும் பூட்டும்போது மேல்பட்டையை ஒன்றிரண்டு பல் அளவு தள்ளி, சுருள்வில்லை இறுக்கத்தில் வைத்தே இடைச் சக்கரத்தோடு கோக்க வேண்டும்.

பிரித்தல்

மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்வழங்கிப் பகுதியின் மின்தேக்கிகளில் மின்னேற்றம் சற்று நேரம் தங்கியிருக்கும். ஆகவே சில நிமிடங்கள் காத்திருப்பது நன்று. லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். இது கண்ணுக்கு அநேகமாகப் புலப்படாது. லென்சில் தெரியும் மங்கிய செம்புள்ளியைக் கண்டு ஒளி குறைவு என்று எண்ணக் கூடாது. மூடி திறந்த நிலையில் இயக்கும்போது லென்சுக்கு நேர் மேலே கண்ணை வைத்துப் பார்ப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

லேசர் இருமுனையம் நிலைமின்னுக்கு எளிதில் பலியாகும். சறுக்கு மோட்டாரை மட்டும் கழற்ற முடிந்தால் லேசரின் நாடா வடத்தைத் தொடாமலே வேலையை முடிப்பது நல்லது. கழற்றியே ஆக வேண்டுமானால், தொகுதியின் சிறு சுற்றுப்பலகையில் இதற்கென உள்ள இரு புள்ளிகளை ஒரு துளி சாலிடரால் இணைத்துவிட்டுக் கழற்ற வேண்டும். மறுபடி பூட்டியதும் அந்தத் துளியை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் லேசர் எரியாது. பழுதில்லாத தொகுதி பழுதானதாகத் தோன்றும்.

தட்டு மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் முன்புறம் பிடித்து இழுக்கக் கூடாது. அடியிலிருக்கும் சக்கரத்தைக் கையால் சுற்றினால் முதலில் தகட்டுப் பிடி தளரும், பிறகு தட்டு வெளியே வரும். தட்டின் இரு ஓரங்களிலும் உள்ள நெகிழிக் கொக்கிகள் வயதால் முறுகியிருக்கும். அவற்றை வளைக்கும்போது அவசரம் கூடாது. தட்டை நகர்த்தும் சக்கரங்களில் சிறு புள்ளியோ அம்புக்குறியோ பொறிக்கப்பட்டிருக்கும். அவை எதிரெதிரே நிற்க வேண்டிய நிலையைக் கழற்றும் முன்பே படமெடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் தட்டு முழுதாக மூடும் முன்பே தகடு மேலெழும்ப முயலும். அப்போது புதுச் சக்கரமும் உடையும்.

விரிந்த பினியன் பெரும்பாலும் விரலாலேயே கழன்றுவிடும். வராவிட்டால் இரு பக்கமும் சமமாக நெம்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் 2 மி.மீ. தண்டு வளைந்துவிடும். கழற்றும் முன், பினியனின் மேல்முகம் மோட்டாரிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அளந்து குறிப்பது இன்றியமையாதது.

அளவெடுத்தல்

புதுப் பற்சக்கரத்திற்கு மூன்று அளவுகள் தேவை: பற்களின் எண்ணிக்கை, துளையின் விட்டம், மாடுல் எனப்படும் பல்லளவு. வெளிவிட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி வந்த எண்ணால் வகுத்தால் மாடுல் கிடைக்கும். 10 பற்களும் 6 மி.மீ. வெளிவிட்டமும் உள்ள சக்கரத்தின் மாடுல் 6 ÷ 12, அதாவது 0.5.

சொல்வதற்கு எளிது, பிளந்த பினியனில் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. பிளவு விரிந்திருப்பதால் விட்டம் கூடுதலாகக் காட்டும். பற்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் இரு பல்முனைகள் எதிரெதிரே அமையாமல் அளவு குறைவாகக் காட்டும். குறைந்த பற்களுடைய சக்கரங்களின் பல்வடிவைத் தயாரிப்பாளர்கள் சற்றுப் பருமனாக்குவதும் உண்டு. இதற்கு எளிய மாற்றுவழி, பினியனை விட்டுவிட்டு அதனோடு கோக்கும் பெரிய இடைச் சக்கரத்தை அளப்பது. கோத்து ஓடும் இரு சக்கரங்களின் மாடுல் ஒன்றாகவே இருக்கும். பெரிய சக்கரம் உடையாதது, பற்கள் மிகுந்தது. அளவீட்டுப் பிழையும் பெரிய எண்ணால் வகுபட்டுச் சிறுத்துவிடும். 40 பற்கள், 21 மி.மீ. விட்டம் என்றால் 21 ÷ 42 = 0.5. விடையில் ஐயமிருந்தால் இரு அச்சுகளின் இடைத்தொலைவை அளந்து சரிபார்க்கலாம்: இரு சக்கரங்களின் பற்களையும் கூட்டி, மாடுலால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். 10 பல், 40 பல், மாடுல் 0.5 எனில் 12.5 மி.மீ. வர வேண்டும்.

மாற்றுச் சக்கரம்

மாடுல் 0.5 உடைய சக்கரங்கள் பொம்மைக் கார்களிலும் மாணவர் அறிவியல் செய்பொருள்களிலும் பயன்படுவதால் கலவைப் பொட்டலங்களாகவே விற்கப்படுகின்றன. சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில், ஓடாத இயக்கிகளிலிருந்து கழற்றிய மோட்டார்களைத் தேடிப் பார்ப்பதும் பயன்தரும். பொட்டலச் சக்கரங்களில் '102ஏ' போன்ற குறியீடு இருக்கும். முதல் இரு இலக்கங்கள் பற்களின் எண்ணிக்கை, அடுத்தது துளையின் விட்டம். 'ஏ' என்பது இறுக்கமான துளை, 'பி' என்பது தளர்வான துளை. பினியனுக்கு வழக்கமாக 'ஏ' தேவை. பித்தளையாலான சக்கரம் கிடைத்தால் அதுவே சிறந்தது. அழுத்திச் செருகினாலும் பிளக்காது.

மாடுல் 0.3 அல்லது 0.4 என்றால் தேடல் கடினமாகும். முப்பரிமாண அச்சில் வார்த்துக்கொள்ளலாம் என்பது பலருக்கும் தோன்றும் எண்ணம். ஆனால் நெகிழி இழையை உருக்கி அடுக்கும் வகை அச்சுப்பொறியின் 0.4 மி.மீ. முனையால் இத்தனை நுண்ணிய பல்லைத் தெளிவாக உருவாக்க முடியாது. பிசினை ஒளியால் கெட்டியாக்கும் வகையில் பல்வடிவு நன்றாக வரும். எனினும் சாதாரணப் பிசின் முறுகலானது என்பதால் இறுக்கிச் செருகாமல், துளையைத் தளர்வாக வைத்துப் பசையால் ஒட்ட வேண்டும்.

பழைய சக்கரத்தையே பயன்படுத்துதல்

மாற்றுச் சக்கரம் எங்குமே கிடைக்காதபோது பிளந்ததையே காப்பாற்றலாம். இதில் பலரும் செய்வது, பிளவில் உடனடிப் பசையை விட்டுத் தண்டில் மீண்டும் அழுத்துவது. இது நிலைப்பதில்லை. பாலியசிட்டாலில் அப்பசை பிடிப்பதே அரிது. பிடித்தாலும் பிளவை உண்டாக்கிய இறுக்கம் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு அப்பசையின் ஆவி அருகிலுள்ள லென்சில் வெண்படலமாகப் படியும்.

முறையான வழி இறுக்கத்தை நீக்குவதுதான். துளையை 2 மி.மீ. துளையூசியால், கையாலேயே சுழற்றி, தண்டு தளர்வாக நுழையும் அளவுக்கு விரிக்க வேண்டும். விரித்ததும் பிளவு தானாக மூடிக்கொள்ளும். தண்டின் மீதும் துளையின் உள்ளும் நுண்தாளால் கீறல் போட்டு, இரு கூறாக வரும் எபாக்சிப் பசையை மிக மெல்லிதாகத் தடவிச் செருக வேண்டும். நெகிழியோடு பசை ஒட்டாவிட்டாலும் கீறல்களில் புகுந்து இறுகி நிற்கும். சக்கரத்தின் பற்களுக்கு மேலே வெறும் கழுத்துப் பகுதி இருந்தால், அதன் மீது சிறு பித்தளை வளையத்தைச் செருகுவது அல்லது மெல்லிய செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி முறுக்குவது இன்னும் உறுதியளிக்கும். பசை மோட்டாரின் தாங்கிக்குள் இறங்கிவிட்டால் மோட்டாரே பயனற்றுப்போகும் என்பதால், தண்டு கீழ்நோக்கி இருக்குமாறு மோட்டாரைத் தலைகீழாகப் பிடித்து ஒட்டி, அப்படியே ஓர் இரவு காயவிட வேண்டும்.

பல் முறிந்த சக்கரத்துக்கு இவை எதுவும் உதவா. பசையால் பல் கட்டி அரத்தால் வடிவெடுப்பது தட்டை நகர்த்தும் பெரிய சக்கரத்தில் ஓரளவு பலிக்கும். சறுக்குப் பினியனில் பலிக்காது.

பொருத்துதல்

புதுப் பினியனை அழுத்தும்போது மோட்டாரின் பின்புறம் தண்டின் மறுமுனைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். மோட்டாரின் உடலைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் பின்மூடி பிதுங்கித் தூரிகைகள் இடம்பெயரும். சுத்தியலால் தட்டுவதைவிட, மேசைப் பிடிப்பானின் இரு தாடைகளுக்கிடையே வைத்து மெல்ல இறுக்குவதே ஏற்றது. முன்பு குறித்த உயரம் வந்ததும் நிறுத்த வேண்டும்.

பழைய கிரீசைப் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலைத் தொட்டுத் துடைத்தெடுத்து, நெகிழிக்கு ஏற்ற செயற்கைக் கிரீசைச் சறுக்குத் தண்டிலும் பற்களிலும் மெலிதாகப் பூச வேண்டும். தையல் இயந்திர எண்ணெய் பொருத்தமன்று: அது பரவி வாரிலும் லென்சிலும் ஏறும், சிலவகை நெகிழிகளில் விரிசலையும் தூண்டும்.

தட்டின் ரப்பர் வார்

பெட்டியைத் திறந்தபின் வாரையும் பார்த்துவிடுவது வழக்கம். தட்டு முனகிக்கொண்டு நின்று, கையால் சற்றுத் தள்ளியதும் நகருமானால் வார் தளர்ந்துவிட்டது என்று பொருள். பழைய வாரை அளந்து புதியது வாங்கக் கூடாது, அது ஏற்கெனவே நீண்டது. இரு கப்பிகளைச் சுற்றி நூல் போட்டு அளந்து, அதில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்து, 3.14ஆல் வகுத்தால் தேவையான விட்டம் வரும். நூலளவு 110 மி.மீ. என்றால் சுமார் 32 மி.மீ. விட்டமுள்ள வார் போதும். எழுதுபொருள் கடை ரப்பர் வளையத்தைப் போட்டுப் பார்த்துப் பழுதை உறுதிசெய்யலாம். அதையே விட்டுவிட்டால் சில மாதங்களில் காய்ந்து அறுந்துவிடும். பழைய வார் தார்போல உருகிக் கப்பியில் ஒட்டியிருந்தால், அதை முழுதும் துடைத்தபின்பே புதியதை மாட்ட வேண்டும்.

சோதித்தல்

பூட்டியதும் முதலில் மின்சாரமின்றி இடைச் சக்கரத்தைக் கையால் இரு முனைகளுக்கும் சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகு நீளமான, கீறலற்ற தகடு ஒன்றில் முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடலுக்கும் மீண்டும் முதலுக்கும் பலமுறை தாவச் செய்து, அதன்பின் தொடக்கம் முதல் இறுதிவரை தொடர்ந்து ஓடவிட வேண்டும். முன்பு குறித்த நிமிடங்களில் தாவல் இல்லையென்றால் பினியன் சரியாகிவிட்டது. அதே ஒழுங்கில் தாவல் தொடர்ந்தால் சக்கரம் தண்டில் சாய்ந்து நிற்கிறது, அல்லது அதன் மாடுல் வேறு. தகட்டின் கடைசிச் சில நிமிடங்களில் மட்டும் தடுமாறினால், சறுக்குத் தண்டின் வெளிமுனையில் தங்கிய பழைய கிரீசையும், அங்கே நாடா வடம் மடங்கி உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.